ஒரு கிராமில் ஒரு கால்பந்து மைதானம்: ஃபுளூரைடு நீருக்கு உலோகக் கரிமச் சட்டகங்கள் உதவுமா?

அரூர் வாத்தியார் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் வட்டாரத்துப் பாறைகளில் ஃபுளூரைடு மிகுதி என்பதும், பழுப்பேறிய பற்களோடு வளர்ந்த தலைமுறைகள் இங்கு உண்டு என்பதும் உங்களில் பலர் அறிந்ததே. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டுக் காவிரி நீர் வந்த பிறகு நிலைமை பெரிதும் மாறியது. ஆயினும் ஊரைவிட்டுத் தள்ளித் தோட்டத்து வீடுகளில் குடியிருப்போர் சிலர் இன்றும் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கிறார்கள். அத்தகைய ஒரு வீட்டிலிருந்து வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒரு புட்டியில் நீர் கொண்டுவந்தாள். பள்ளியிலுள்ள களச் சோதனைப் பெட்டியால் பார்த்ததில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் அளவில் ஃபுளூரைடு இருந்தது. இந்தியத் தர அளவின்படி 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

அவ்வீட்டாருக்கு ஒரு வடிகட்டியை விற்க ஒருவர் வந்திருக்கிறார். அவர் கொடுத்துச் சென்ற துண்டறிக்கையில், இது நோபல் பரிசு பெற்ற பொருள் என்றும், இதன் ஒரு கிராமுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு அடங்கியுள்ளது என்றும், ஒரு கிராம் 100 மில்லிகிராம் ஃபுளூரைடைப் பிடிக்கும் என்றும், சாயம், ஆர்செனிக், காற்றிலுள்ள நச்சு வாயுக்கள் ஆகியவற்றுக்கும் இதுவே தீர்வு என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். திண்மத்தின் பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதாகிய பரப்புக் கவர்தல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துபவன் நான். அப்படியிருந்தும் இந்த எண்களை எப்படி எடைபோடுவது என்று எனக்குத் தெளிவாகவில்லை. 100 மில்லிகிராம் என்பது மெய்யானால் ஒரு கிலோ பொருள் அக்குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் வரவேண்டும். அது நடக்குமா? கொட்டாங்குச்சிக் கரியைப் போட்டால் போதாதா என்று மாணவியின் தந்தை கேட்டதற்கும் நான் ஒரு நல்ல விடை சொல்ல வேண்டும்.

நுண்துளை

ஐயா, துண்டறிக்கையில் உள்ளவை முழுப் பொய்கள் அல்ல. உண்மையான எண்கள்தாம், ஆனால் ஒவ்வொன்றும் வேறுவேறு பொருளிலிருந்தும் வேறுவேறு சூழலிலிருந்தும் எடுத்து ஒன்றாக ஒட்டப்பட்டவை. இத்துறையில் ஆறு ஆண்டுகள் ஆய்வு மாணவனாக இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற சுசுமு கிடகாவா, ரிச்சர்டு ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவரும் வளர்த்தெடுத்தது ஒரே ஒரு பொருளை அன்று, ஒரு கட்டுமான முறையை. கழிகளையும் கயிற்று முடிச்சுகளையும் கொண்டு பந்தல் போடுவதைப் போல, உலோக அணுக்களின் கொத்துகளை முடிச்சுகளாகவும் கரிம மூலக்கூறுகளைக் கழிகளாகவும் வைத்து, உள்ளே வெற்றிடம் நிறைந்த படிகங்களை எழுப்பும் முறை அது. அப்படிகங்கள்தாம் உலோகக் கரிமச் சட்டகங்கள். கனிமப் பாதியும் கரிமப் பாதியும் சேர்ந்திருப்பதால்தான் இவற்றைக் கலப்பினப் பொருள் என்கிறோம். கழியாக அடிக்கடி பயன்படும் டெரித்தாலிக் அமிலம், தண்ணீர்ப் புட்டி செய்யும் பெட் நெகிழியின் மூலப்பொருள்களுள் ஒன்று. இம்முறையில் ஆயிரக்கணக்கான சட்டகங்கள் செய்யப்பட்டுவிட்டன. எனவே "நோபல் பரிசு பெற்ற பொருள்" என்றவுடன், அவற்றுள் எது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

கால்பந்து மைதானக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட மைதானத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். 2012இல் வெளிவந்த என்.யூ.-110 என்னும் சட்டகத்தின் ஒரு கிராமுக்கான பரப்பும் சரியாக 7,140 சதுர மீட்டர்தான். ஆனால் அது நைட்ரஜன் வாயுவை மைனஸ் 196 டிகிரியில் உள்ளே செலுத்தி அளந்த பரப்பு. அதில் பெரும்பகுதி கரிமக் கழிகளாலான சுவர். நீரில் கரைந்த ஃபுளூரைடு அயனி அந்தச் சுவரில் வந்து அமர்வதில்லை. அது தேடி வருவது முடிச்சிலுள்ள உலோகத்தை. ஆகவே ஃபுளூரைடைப் பொறுத்தவரை மைதானம் எவ்வளவு பெரியது என்பது பொருட்டன்று. அதில் எத்தனை உலோக முடிச்சுகள் அணுகும் நிலையில் இருக்கின்றன என்பதே பொருட்டு. கொட்டாங்குச்சிக் கரி ஃபுளூரைடுக்கு ஏன் உதவாது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. கரியின் பரப்பு மின்முனைவற்றது. மணம், நிறம், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருள்களை அது விரும்பிப் பிடிக்கும். ஃபுளூரைடோ நீர் மூலக்கூறுகளை இறுகப் போர்த்திக்கொண்டு திரியும் அயனி. அந்தப் போர்வையைக் கழற்றவைக்கும் அளவுக்குக் கரியிடம் ஒன்றும் இல்லை.

அடுத்தது, நீரில் நிலைத்திருத்தல். 1999இல் புகழ்பெற்ற மோஃப்-5 துத்தநாக முடிச்சுகளால் ஆனது. ஈரக் காற்று பட்டாலே அதன் சட்டகம் சிதையத் தொடங்கும். அதை நீர் வடிகட்டியில் போடுவது பனிக்கட்டியால் கரண்டி செய்து குழம்பு கிண்டுவதற்கு ஒப்பாகும். 2008இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான யூ.ஐ.ஓ.-66 அப்படியன்று. அதில் ஆறு சிர்க்கோனியம் அணுக்கள் சேர்ந்து ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் பன்னிரண்டு கழிகள் கட்டப்பட்டிருக்கும். அதனால் கொதிநீரையும் தாங்கும். நீர்ச் சுத்திகரிப்பு ஆய்வுகளில் சிர்க்கோனியச் சட்டகங்கள் இவ்வளவு அடிபடுவது இதனால்தான். துண்டறிக்கைக்காரர் குறிப்பிடுவதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இனி நீங்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் ஒன்றைப் பாருங்கள். பள்ளிகளுக்குத் தரப்படும் ஃபுளூரைடு சோதனைப் பெட்டிகள் பலவற்றில் சிர்க்கோனியத்தோடு ஒரு சாயம் சேர்ந்த சிவந்த கரைசல் இருக்கும். நீரில் ஃபுளூரைடு இருந்தால் அது சாயத்தின் பிடியிலிருந்து சிர்க்கோனியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சிவப்பு வெளிறி மஞ்சளாகும். சிர்க்கோனியத்தின் மீது ஃபுளூரைடுக்கு உள்ள இந்த வெறிதான் சட்டகம் வேலை செய்வதற்குக் காரணம். சட்டகம் கெடுவதற்கும் அதுவே காரணமாகலாம். சாயத்திடமிருந்து உலோகத்தைப் பிடுங்கும் அயனி, கழிகளிடமிருந்து பிடுங்காது என்று எப்படிச் சொல்ல முடியும்? செறிவு கூடக்கூட, முடிச்சிலுள்ள ஹைட்ராக்சைடை மட்டும் மாற்றி அமர்வதோடு அது நிற்பதில்லை. கழி கழன்று டெரித்தாலிக் அமிலம் நீரில் கலந்தால், ஒன்றை நீக்கப் போய் இன்னொன்றைச் சேர்த்தவர்கள் ஆவோம்.

பைகார்பனேட்டு, பாஸ்பேட்டு அயனிகளும் யூ.ஐ.ஓ.-66க்கு ஆகாதவை, பாஸ்பேட்டு மிகுந்த கரைசலில் அது சிதைந்தே போகிறது. உங்கள் மாவட்டத்து நீரின் இயல்பை எண்ணிப் பாருங்கள். பாறையிலிருந்து ஃபுளூரைடு நீருக்கு வருவதும் தங்குவதும், பைகார்பனேட்டும் சோடியமும் மிகுந்து கால்சியம் குறைந்த நீரில்தான். கால்சியம் மிகுந்திருந்தால் கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடுமே. ஆக, எந்த நீரில் ஃபுளூரைடு மிகுதியோ அதே நீரில்தான் சட்டகத்தின் எதிரியான பைகார்பனேட்டும் மிகுதி. காய்ச்சி வடித்த வடிநீரில் சோடியம் ஃபுளூரைடைக் கரைத்துச் செய்யும் ஆய்வகச் சோதனையில் இது வெளிப்படாது.

100 மில்லிகிராம் என்ற எண்ணுக்கு வருகிறேன். நீரில் மாசு எவ்வளவு இருந்தால் பொருள் எவ்வளவு பிடிக்கும் என்று காட்டும், நீங்கள் வகுப்பில் கற்பிக்கும் லாங்மியூர் சமவெப்பக் கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகள் பெருமையோடு சொல்வது அக்கோடு மேலே தட்டையாகும் இடத்தின் எண். அதாவது நீரில் மாசு வேண்டிய மட்டும் இருக்கும்போது பொருள் நிரம்பும் அளவு. உங்களுக்கு வேண்டியதோ கோட்டின் அடிவாரம். எடுத்துக்காட்டாக, கிராமுக்கு உச்ச அளவு 100 மில்லிகிராமும், கோடு எவ்வளவு விரைவாக ஏறும் என்பதைக் குறிக்கும் லாங்மியூர் மாறிலி 0.02உம் கொண்ட ஒரு பொருளையும், உச்ச அளவு வெறும் 20ஆகவும் மாறிலி 1ஆகவும் உள்ள இன்னொரு பொருளையும் வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் செறிவில் முதலாவது 80 பிடிக்கும், இரண்டாவது 20 பிடிக்கும். கட்டுரையில் முதலாவது வென்றுவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராமில் முதலாவது பிடிப்பது 2தான், இரண்டாவது பிடிப்பது 10. உள்ளே வரும் 4 மில்லிகிராம் நீரை நேரே எதிர்கொள்ளும் மேலடுக்கில்கூட முதலாவதுக்கு 7, இரண்டாவதுக்கு 16. எண்கள் என் கற்பனை, கணக்கு மெய். ஆர்செனிக்குக்கு யூ.ஐ.ஓ.-66 கிராமுக்கு 303 மில்லிகிராம் பிடித்தது என்று 2015இல் வந்த கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், அது கடும் அமில நிலையான பி.எச். 2இல் கிடைத்த எண் என்பதைச் சேர்த்துச் சொல்பவர் குறைவு. பி.எச். 2 உள்ள நீரை யாரும் குடிப்பதில்லை.

குடும்பக் கணக்கு எளிது. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர், லிட்டருக்கு 3 மில்லிகிராம் நீக்க வேண்டும் என்றால் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம். நெடுங்காலமாக வழக்கத்திலுள்ள கிளர்வுற்ற அலுமினா (நுண்துளைகள் கொண்ட அலுமினியம் ஆக்சைடு) நடைமுறையில் கிராமுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் பிடிக்கும். 2 என்றே கொண்டால் ஒரு கிலோ 33 நாள் வரும். பிறகு எரிசோடாக் கரைசலில் கழுவி, அமிலத்தால் நடுநிலைப்படுத்தி, மீண்டும் பயன்படுத்தலாம். புதிய பொருள் அதே கிணற்று நீரில், அதே பி.எச்.சில் 20 பிடிக்கிறது என்று காட்டட்டும், நானே வாங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. இவை பிறக்கும்போது மாவைப் போன்ற தூள். நான் முதன்முதலில் ஒரு கண்ணாடிக் குழாயில் இத்தூளை நிரப்பி மேலே நீரை ஊற்றியபோது, மறுநாள் காலைவரை கீழே ஒரு சொட்டும் இறங்கவில்லை. பிறகு கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டோடு குழைத்து மணிகளாக்கினேன். நீர் தாராளமாக இறங்கியது, பிடிக்கும் அளவு பாதிக்கும் கீழே போயிற்று. கட்டுரையில் இருப்பது தூளின் எண், வடிகட்டியில் இருப்பது மணி.

நொய்யல்கரை

சாயத்தைப் பற்றிய பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன். நான் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பணிபுரிகிறவன். ஆய்வுக் கட்டுரைகளில் பத்துக்கு எட்டு மெத்திலீன் நீலத்தை வைத்தே சோதிக்கின்றன. அது சிறிய மூலக்கூறு, நேர்மின் கொண்டது, எதில் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் வருவது பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம். சல்போனேட்டுத் தொகுதிகளால் எதிர்மின் கொண்ட பெரிய மூலக்கூறு. ரியாக்டிவ் பிளாக் 5 என்பதன் மூலக்கூறு நிறை ஏறத்தாழ ஆயிரம். நுண்துளை அவர்கள் சொன்ன யூ.ஐ.ஓ.-66இன் வாசல் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஆறு பங்குதான். யானை பூனை வாசலில் நுழையுமா? வெளிப் பரப்பில் ஒட்டுவதோடு சரி.

அதைவிட முக்கியமானது, நிறம் எங்கள் தலையாய சிக்கலே அன்று. சாயமேற்றும்போது துணியோடு கொட்டும் உப்புதான் சிக்கல். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையைக் கெடுத்ததும், 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், பிறகு கழிவுநீர் வெளியேற்றமே கூடாது என்ற முறைக்கு வந்ததும் ஊரறிந்த வரலாறு. கரைந்த உப்பை எந்த நுண்துளைப் பொருளும் அந்த அளவில் கவர்ந்து தீர்க்காது. எதிர்ச்சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கியும்தான் வழி. கவர்பொருள்களுக்கு இங்கு இடம் உண்டென்றால், சவ்வுகளுக்கு முன்னால், அவற்றை அடைத்துவிடும் கரிமப் பொருள்களைப் பிடிக்கும் காவற்காரனாக மட்டுமே. அந்த வேலையைக் காங்கேயத்துக் கொட்டாங்குச்சிக் கரி மலிவாகச் செய்துவிடுகிறது.

மாடிக்காற்று

காற்றைப் பற்றி யாரும் எழுதாததால் நான் சேர்க்கிறேன். கட்டடங்களுக்குக் காற்றோட்ட அமைப்பு வடிவமைப்பது என் தொழில். புகையிலும் தூசியிலும் உள்ள நுண்துகள் பரப்புக் கவர்தலுக்கு உரியதே அன்று. அதை நாரிழை வடிகட்டி பிடிக்கும். வாயுக்கள்தாம் நுண்துளைகளின் வேலை. அங்கே பெரும் பகை நீராவி. சென்னையில் 30 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கிறது. புதிய மரப்பலகைச் சாமான்களிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதாவது வரம்பளவு நச்சு உள்ள அறையில், அதன் எடையைப் போல இரண்டு லட்சம் மடங்கு நீர் அதே துளைகளுக்குப் போட்டியிடுகிறது. தாமிரத்தாலான எச்.கே.யூ.எஸ்.டி.-1 என்னும் சட்டகத்தை உலர்த்தினால் கருநீலமாக இருக்கும். திறந்து வைத்த சிறிது நேரத்தில் வெளிர்நீலமாகிவிடும். அந்த நிறமாற்றம், உலோகத்தின் இருக்கைகளில் நீர் உட்கார்ந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு.

இந்தப் போட்டியை வென்ற ஒன்று உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசுவின் குழு உருவாக்கிய கால்ஃப்-20, ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை நீரைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. துத்தநாகம், டிரையசோல், ஆக்சலேட்டு என்று எளிதில் கிடைக்கும் சரக்குகளால் ஆனது. நீராவியால் சூடேற்றினாலும் கெடுவதில்லை. 2021இல் கட்டுரை வந்தது; 2023இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஆண்டுக்குப் பல நூறு டன் அளவில் உற்பத்தி செய்வதாக அறிவித்தது. கவனியுங்கள், அதன் பரப்பு மைதானக் கணக்குக்கு அருகில்கூட வராது; அது வென்றது பரப்பால் அன்று.

பழைய ஆய்வகத்தான்

முப்பது ஆண்டுகள் நீர்ப் பகுப்பாய்வு செய்து ஓய்வு பெற்றவன். கலப்பினப் பொருள் என்றாலே உலோகக் கரிமச் சட்டகம்தான் என்பது போல உரையாடல் போவதால் ஒரு திருத்தம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் செய்ததும் கலப்பினப் பொருளே. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்னும் இழைப்பொருளின் மீது உலோக ஆக்சிஹைட்ராக்சைடை நானோ அளவில் வளர்த்தார்கள். அலுமினியத்தை வைத்துச் செய்தது 2013இல் வெளிவந்தது, ஆர்செனிக்குக்கான இரும்பு வடிவம் 2017இல். ஃபெர்ரிஹைட்ரைட்டு என்னும் அந்த இரும்புப் பொருள் தன்னியல்பில் நிலையற்றது. நாளடைவில் வேறு இரும்புத் தாதுவாக இறுகிப் பரப்பை இழந்துவிடும். கைட்டோசான் இழைகள் அதைச் சிறை வைத்ததுபோல் பிடித்து அந்நிலையிலேயே நிறுத்துகின்றன. அறை வெப்பத்தில், நீரிலேயே செய்கிறார்கள், யூ.ஐ.ஓ.-66க்கு வழக்கமாக வேண்டியிருக்கும் நச்சுக் கரைப்பான் டை மெத்தில் ஃபார்மமைடு இதற்கு வேண்டாம். முடிவில் கிடைப்பது மணலைப் போன்ற குறுணை. தூளால் குழாய் அடைபடும் தொல்லை இல்லை. அம்ரித் என்ற பெயரில் அது மேற்கு வங்கம் போன்ற ஆர்செனிக் பகுதிகளுக்குச் சென்றது. படிக ஒழுங்கோ கண்கவர் படமோ அதற்கு இல்லை. களத்தில் நின்றது.

அரூர் வாத்தியார்

அனைவருக்கும் நன்றி. சோதனைப் பெட்டியிலுள்ள சிவப்பே விடையாக இருந்தது என்பதை இத்தனை ஆண்டுகள் கவனிக்காமல் இருந்ததற்காக எனக்குச் சற்று வெட்கம். விற்பனையாளரை அழைத்து, எந்தச் சட்டகம், எந்த நீரில், எந்த பி.எச்.சில் அளந்தது என்று கேட்டேன். வடிநீர், பி.எச். 3 என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். சட்டகத்தின் பெயர் வணிக இரகசியமாம். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றதற்கு விடையில்லை.

அதன் பின் மாணவியும் நானும் அரைக் கிலோ கிளர்வுற்ற அலுமினாவை ஒரு குழாயில் நிரப்பி, அவள் வீட்டு நீரை நாளுக்கு 20 லிட்டராக விட்டுப் பார்த்தோம். பதின்மூன்றாம் நாள், 260ஆவது லிட்டரில், வெளிவரும் நீர் 1 மில்லிகிராமைத் தாண்டியது. தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமே வெளிவராமல் இருந்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிராமுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிகிராம் வருகிறது. உங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது. இனி எரிசோடாவால் கழுவ வேண்டும். கழுவிய நீரை எங்கே கொட்டுவது என்று மாணவி கேட்கிறாள். அதற்கு வழி தெரிந்த பிறகுதான் கழுவுவதாக இருக்கிறோம்.

நுண்துளை

நல்ல வேளை, கேட்டாள். கழுவிய கரைசலை முதலில் அமிலத்தால் ஏறத்தாழ நடுநிலைக்குக் கொண்டுவந்து, கால்சியம் குளோரைடு சேர்த்து, ஓர் இரவு வையுங்கள்; கால்சியம் ஃபுளூரைடு வெண்மையாக அடியில் படியும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் எரிசோடாவைத் தொட விடாதீர்கள். மேலே தெளிந்து நிற்கும் நீர் தூயது என்று நினைத்துவிட வேண்டாம்: கால்சியம் ஃபுளூரைடுக்கே சிறிது கரைதிறன் இருப்பதால் லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு எஞ்சலாம், கால்சியம் மிகுந்தால் சற்றுக் குறையும். கிணற்று நீரைப்போல் இருமடங்கு அது. கிணற்றடியில் ஊற்றாமல், தட்டையான தொட்டியில் வெயிலில் வற்ற வைத்து, எஞ்சும் பொடியைப் படிவோடு சேர்த்து மூடி போட்ட டப்பாவில் எடுத்து வையுங்கள். அடுத்த சுற்றுக்கு முன் கிணற்று நீரின் பைகார்பனேட்டையும் அளந்து இங்கே எழுதினால், 1.8 ஏன் 2 ஆகவில்லை என்பதைப் பேசலாம்.